புதுத் தெருவில் ஒரு லண்டன்

"இவன் திருடன்தானே?" என்று கேட்டாள் அம்மா.

படம் ஆரம்பித்து இருபது நிமிடம் ஆகியிருக்கும். மின்விசிறிச் சத்தத்துக்கு மேலே ரஷ்ய மொழி ஓடிக்கொண்டிருந்தது, திரையின் கீழே ஆங்கிலத் துணைவரிகள். அம்மாவுக்கு இரண்டுமே வராது. நான் அவ்வப்போது ஒரு வரி சொல்வேன், மீதியை முகங்களைப் பார்த்தே பிடித்துக்கொள்வாள். அவள் விரல் நீட்டிக் காட்டியது ஷெர்லக் ஹோம்ஸை.

"இல்லம்மா, இவர்தான் துப்பறியறவரு. கதாநாயகனே இவர்தான்."

"அப்புறம் ஏன் அந்த டாக்டர் தம்பி அவனை அப்படிப் பாக்குது? நேரங்கெட்ட நேரத்துல யார் யாரோ வந்துட்டுப் போறானுங்க. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, எல்லாம் களவாணிப் பயலுக."

சிரித்துவிட்டேன். ஆனால் அம்மா பிடித்தது சரிதான். 'சந்திப்பு' என்ற பெயருள்ள அந்த முதல் பகுதியின் முன்பாதி முழுக்க அதுதான் கதை. பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒரு மருத்துவர் வாடகையைப் பங்குபோட ஆள் தேடி ஒரு வீட்டுக்கு வருகிறார். உடன் இருப்பவனின் போக்கு பிடிபடவில்லை. விஷங்களைப் பற்றி அத்தனையும் தெரிகிறது, பூமி சூரியனைச் சுற்றுகிறதா என்றால் தெரியவில்லை. வந்துபோகிறவர்களில் ஒருவர்கூட ஒழுங்கானவராகத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்த டாக்டர் வாட்சன் ஒரு முடிவுக்கு வருகிறார்: இவன் கொள்ளைக் கூட்டத் தலைவன். கானன் டாயிலின் கதையில் வாட்சன் குழம்புவார், ஹோம்ஸுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று பட்டியல்கூடப் போடுவார், ஆனால் குற்றவாளி என்று நினைக்கமாட்டார். இது ரஷ்யர்கள் சேர்த்தது. ஹோம்ஸை ஏற்கனவே அறிந்த நமக்கு அது நகைச்சுவை. அறியாத அம்மாவுக்கு அசல் மர்மம்.

1979இலிருந்து 1986 வரை, லெனின்கிராதின் லென்ஃபிலிம் நிறுவனம் சோவியத் தொலைக்காட்சிக்காக எடுத்த 5 படங்கள், 11 பகுதிகள். இயக்குநர் ஈகர் மாஸ்லென்னிகோவ். ஹோம்ஸாக வசீலி லிவானோவ், வாட்சனாக வித்தாலி சலோமின். ஹோம்ஸ் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருகிற ஜெரமி பிரெட்டின் பிரிட்டிஷ் தொடர் 1984இல்தான் தொடங்கியது. அதற்குள் ரஷ்யர்கள் நான்கு படங்களை எடுத்து முடித்திருந்தார்கள்.

பிற நாட்டார் எடுத்த ஆங்கிலத் துப்பறியும் படங்களின் மீது எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. அதில் இந்தத் தொடருக்குத் தனி இடம். காரணம் ஓரளவு சொந்த விஷயம். அப்பா பஞ்சாலைத் தொழிலாளி, சங்கத்துக்காரர். நியூ செஞ்சுரி புத்தக வண்டி ஊருக்கு வந்தால் சம்பளத்தில் ஒரு பங்கு அங்கே போய்விடும். கெட்டி அட்டை, வழவழப்பான தாள், சல்லிசான விலை. மாஸ்கோவில் அச்சாகி வந்த தமிழ்ப் புத்தகங்கள். ஹோம்ஸ் வந்தது வேறு வழியில், கிளை நூலகத்தில் முதுகு பிய்ந்த ஒரு தமிழாக்கமாக. ஆக, பீட்டர்ஸ்பர்க்கின் பனியும் லண்டனின் மூடுபனியும் எனக்கு ஒரே வயதில், ஒரே மொழியில் கிடைத்தவை. இரண்டு ஊர்க்காரர்களும் தமிழில்தான் பேசினார்கள். பின்னாளில் ரஷ்யர்கள் ஆங்கிலேயர்களாக வேடம் கட்டி ரஷ்ய மொழியில் பேசுவதைப் பார்த்தபோது யாருக்கும் வரக்கூடிய விநோத உணர்வு எனக்கு வரவில்லை. நானும் அப்படித்தானே படித்தேன்?

மறுபடி முதல் பகுதிக்கு வருகிறேன், அதை அவ்வளவு எளிதாக விட்டுவிட முடியாது.

முதல் படத்தின் திரைக்கதையை எழுதியவர்கள் யூலி துன்ஸ்கி, வலேரி ஃப்ரீத் என்ற இருவர். பள்ளிக்கூட நாள் தொட்டு நண்பர்கள், கடைசிவரை சேர்ந்தே எழுதியவர்கள். 1944இல், திரைப்படக் கல்லூரி மாணவர்களாக இருந்தபோது இருவரும் கைதானார்கள். ஸ்டாலினைக் கொல்லச் சதி செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. தலைவரின் கார் மாஸ்கோவின் ஆர்பாத் தெரு வழியே போகும்போது, அந்தத் தெருவிலிருந்த ஒரு தோழியின் வீட்டுச் சன்னலிலிருந்து தாக்கத் திட்டமிட்டார்களாம். அந்த வீட்டுச் சன்னல் தெருப்பக்கமே இல்லை, கொல்லைப்புறத்தைப் பார்த்து இருந்தது. யாரேனும் ஒருவர் அந்த அறைக்குள் போய்ச் சன்னலைத் திறந்து பார்த்திருந்தால் வழக்கு அங்கேயே செத்திருக்கும். யாரும் போகவில்லை. முகாம், பத்து ஆண்டு, வடக்கே துருவக் குளிரில்.

இந்தச் செய்தியைப் படித்த பிறகு அந்த முதல் பகுதியை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. நேர்மையான, சட்டத்துக்கு அஞ்சிய ஒரு மனிதர், கண்முன் உள்ள ஒவ்வொரு தடயத்தையும் சரியாகக் கவனித்து, ஒவ்வொன்றையும் தப்பாகக் கோத்து, பக்கத்து அறைக்காரனைக் குற்றவாளி என்று தீர்மானிக்கிறார். படம் அதை வைத்துச் சிரிக்கிறது. சன்னலைத் திறந்து பார்க்காதவர்களால் பத்து வருடம் இழந்த இருவர் எழுதிய சிரிப்பு அது. அவர்கள் அதை நினைத்துத்தான் எழுதினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் காட்சியில் வாட்சன் மேல் படத்துக்குக் கோபம் இல்லை என்பதைக் கவனிக்கிறேன். சந்தேகம் தீர்ந்ததும் ஹோம்ஸ் விழுந்து விழுந்து சிரிக்கிறான். இருவரும் கையுறை மாட்டிக்கொண்டு குத்துச்சண்டை போடுகிறார்கள். அதற்கப்புறம் அவர்கள் நண்பர்கள்.

சலோமினின் வாட்சனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1940களின் ஹாலிவுட் படங்களில் நைஜல் புரூஸ் வாட்சனை ஒரு தொப்பைக் கோமாளியாக்கிவிட்டார். பேசில் ராத்போனின் ஹோம்ஸ் ஏதாவது சொன்னதும் திருதிருவென விழிப்பதுதான் அவர் வேலை. அத்தனை புத்திசாலியான ஒருவன் ஏன் இந்த அசட்டோடு ஒரே வீட்டில் குடியிருக்கிறான் என்று அந்தப் படங்களில் யாரும் கேட்பதே இல்லை. சலோமின் மெலிந்தவர், நெற்றி சுருங்கியவர், அடக்கமான மீசை. முகத்தில் ஒரு படைவீரனின் ஒழுங்கு, அதன் கீழே எந்நேரமும் கொதிக்கத் தயாராக ஒரு ரோஷம். ஹோம்ஸ் மெச்சினால் காது சிவக்கும், கிண்டல் செய்தால் பேச்சு நிற்கும். இவரை ஏமாற்றுவது சுலபம், அவமதிப்பது ஆபத்து. இப்படி ஒருவரோடு குடியிருக்க யாரும் ஆசைப்படுவார்கள்.

பெட்டிச் செய்தி ஒன்று: முதல் பகுதியில் வரும் 'புள்ளி போட்ட பட்டை' கதையில் உயிர்ப் பயத்தோடு காலங்காத்தாலே வந்து நிற்கும் ஹெலன் ஸ்டோனரும், செத்துப்போன அவள் இரட்டைச் சகோதரி ஜூலியாவும் ஒரே நடிகை, மரியா சலோமினா. வாட்சனின் நிஜ மனைவி.

அந்தக் கதையில் ஆளைக் கொல்லும் பாம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியாவிலேயே கொடிய விஷம் கொண்ட 'சதுப்பு விரியன்' என்று கதையில் ஹோம்ஸ் அடித்துச் சொல்வார். அப்படி ஒரு பாம்பு நம் நாட்டில் கிடையாது. அது கயிற்றில் இறங்கி வரும், விசில் அடித்தால் திரும்பிப் போகும், சம்பளமாகப் பால் குடிக்கும். முதன்முதலில் படித்தபோது எனக்கு எள்ளளவும் சந்தேகம் வரவில்லை, ஏனென்றால் எங்கள் தெருக்கோடிப் புற்றுக்கும் வெள்ளிக்கிழமை தவறாமல் பால் போய்க்கொண்டிருந்தது. படத்தில் பாம்பு கயிற்றில் இறங்கியபோது அம்மாவும் மறுப்புச் சொல்லவில்லை. டாயிலும் எங்கள் தெருவும் ஒத்துப்போகும் ஒரே இடம் அதுதான்.

லிவானோவைப் பற்றி எல்லோரும் முதலில் சொல்வது குரல். மணலில் உரசின மாதிரி ஒரு கரகரப்பு. சோவியத் பிள்ளைகளுக்கு அந்தக் குரல் ஹோம்ஸுக்கு முன்பே பழக்கம், செபுராஷ்கா பொம்மைப் படங்களில் கேனா என்ற முதலைக்குக் குரல் கொடுத்தவர் இவர். அதே குரல் பேக்கர் தெருவில் பேசினால் பாதி வேலை முடிந்தது. பிரெட்டின் ஹோம்ஸ் நரம்பு முறுக்கேறியவர், எப்போது வெடிப்பார் என்று தெரியாது. நடிப்பின் உச்சம் என்று அதைச் சொன்னால் ஒப்புக்கொள்வேன். ஆனால் லிவானோவின் ஹோம்ஸ் தன் அறிவை நினைத்துத் தானே கொஞ்சம் வெட்கப்படுகிறவர். கண்ணில் ஒரு குறும்பு இருக்கும், வீட்டுக்கார அம்மாவிடம் மரியாதை இருக்கும். அந்த அம்மா, ரீனா ஸெல்யோனயா. முதல் படம் எடுக்கும்போதே எழுபதைத் தாண்டியவர். ஹட்சன் அம்மாளுக்குப் புத்தகத்தில் பெரிதாக வேலையே கிடையாது, கதவு திறப்பார், தட்டு எடுப்பார். இங்கே அவர் ஒரு புருவத்தைத் தூக்கினாலே காட்சி அவருடையதாகிவிடுகிறது. துப்பாக்கிச் சத்தம் கேட்டாலும் சலனமில்லாத முகம்.

சரி, லண்டன் எங்கே?

லண்டன் இல்லை. லண்டனுக்குப் போய்ப் படமெடுக்கும் வசதி அவர்களுக்கு இல்லை. லாத்வியாவின் தலைநகர் ரீகாவில், பழைய நகரத்துக்குள் வளைந்து போகும் ஒரு குறுகிய கல் பாவிய தெரு பேக்கர் தெருவானது. தெருவின் பெயர் ஜௌனியேலா. லாத்வியனில் அதற்குப் புதுத் தெரு என்று பொருள். புதுத் தெரு இல்லாத ஊர் நம்மிடம் உண்டா? எல்லாப் புதுத் தெருவும் ஊரிலேயே பழைய தெருவாக இருக்கும், இதுவும் அப்படித்தான். நிஜ பேக்கர் தெரு அகலமானது, நேரானது, செங்கல் நிறம். ரீகாவின் தெருவுக்கும் அதற்கும் எள்ளளவும் ஒற்றுமை இல்லை. அங்கே தெரிவது ஜெர்மானிய வணிகர்கள் கட்டிய பால்டிக் கட்டடக்கலை. ஒரு லண்டன்வாசி முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

இன்னும் ஒரு வேடிக்கை. 1973இல் சோவியத் நாடே வேலையை விட்டுவிட்டுப் பார்த்த உளவுத் தொடரான 'வசந்தத்தின் பதினேழு தருணங்கள்' வந்தது. அதில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து மலர்த் தெருவில், பேராசிரியர் ப்ளைஷ்னர் எச்சரிக்கை அடையாளத்தைக் கவனிக்காமல் போய் மாட்டி, மாடியிலிருந்து விழுந்து சாவார். அந்த மலர்த் தெருவும் இதே ஜௌனியேலாதான். ஆறு வருடத்துக்கு முன் நாஜி உளவாளிகள் காத்திருந்த அதே தெருவில் ஹோம்ஸ் குதிரை வண்டியிலிருந்து இறங்குகிறார். பார்த்தவர்களுக்குத் தெரு தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும் அது பெர்ன் ஆயிற்று, தெரிந்தும் லண்டன் ஆயிற்று. கூத்தில் ஒரே பெட்டி அர்ச்சுனனுக்குத் தேராகவும் துரியோதனனுக்குச் சிம்மாசனமாகவும் ஆவதில்லையா, அது மாதிரி.

பாஸ்கர்வில் நாய் திரியும் டார்ட்மூர் சதுப்பு எஸ்தோனியாவில் கிடைத்தது. ஹோம்ஸ் தன் எதிரி மோரியார்ட்டியோடு மோதும் ரைகன்பாக் அருவிக்கு அப்காசியாவின் கேகா அருவி. இசை மட்டும் லண்டனிலிருந்து கடன் வாங்கினது போல இருக்கும், அதற்கும் ஒரு கதை சொல்வார்கள். இசையமைப்பாளர் விளதீமிர் தஷ்கேவிச்சிடம், பி.பி.சி.யின் ரஷ்ய ஒலிபரப்புக்கு முன்னால் வருமே, அந்தச் சாயலில் ஒன்று வேண்டும் என்றாராம் இயக்குநர். சிற்றலை வானொலியில் இரைச்சலுக்கு நடுவே, அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு கேட்ட இசை அது. இங்கிலாந்து என்றாலே அந்தத் தலைமுறைக்குக் காதில் விழுந்தது அதுதான். தமிழோசையின் அறிமுக இசையைக் கேட்டால் இன்றைக்கும் நிமிர்ந்து உட்காரும் நம் பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தஷ்கேவிச் போட்டுக்கொடுத்த அந்த முகப்பு இசையில் எக்காளம் கம்பீரமாக நடக்கும், ஆனால் ஓரத்தில் லேசான கேலி ஒட்டிக்கொண்டே வரும். ஆங்கிலேயத் தோரணையை ரசித்துக்கொண்டே சீண்டுகிற இசை. தொடர் மொத்தத்துக்கும் அதே மனநிலைதான்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்று. இவர்கள் எடுத்தது இங்கிலாந்தை அல்ல, இங்கிலாந்தைப் படித்ததை. பிரிட்டிஷ் தொடர்களில் எல்லாம் சரியாக இருக்கும். ரயில் வண்டியின் வருடம் சரி, கதவுப் பிடி சரி, தொப்பி சரி. அது ஊர்க்காரரின் துல்லியம், தன் பாட்டன் வீட்டுச் சாமான்களைத் தூசி தட்டி அடுக்கி வைப்பது. அந்த வீட்டுக்குள் ஒருநாளும் நுழையாதவர்கள், கணப்பு அடுப்பு, நாற்காலி, ஜன்னலுக்கு வெளியே மழை என்று புத்தகத்திலிருந்து மட்டும் கட்டிக்கொண்ட வீடு வேறு. அதில் குளிர் கூடுதலாக இருக்கும், கணப்பின் சூடும் கூடுதலாக இருக்கும். வெளியே போக விடாத ஒரு நாட்டில், நீண்ட குளிர்காலத்தில், இரண்டு கனவான்கள் காலை உணவு மேசையில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கௌரவமாகக் கிண்டல் செய்துகொள்வதைப் பார்ப்பது எத்தனை பெரிய ஆறுதலாக இருந்திருக்கும். நூலகத்துத் திண்ணையில் வியர்க்க வியர்க்க உட்கார்ந்து மூடுபனியைப் படித்தவனுக்கு அந்த வீடு நன்றாகத் தெரியும்.

வெளியுலகம் நுழையாமலும் இல்லை. ஹோம்ஸ் வாட்சனிடம் முதன்முதலில் சொல்வது, "நீங்கள் ஆப்கானிஸ்தானிலிருந்து வருகிறீர்கள் போலிருக்கிறது" என்பதுதான். துப்பறியும் இலக்கியத்திலேயே புகழ்பெற்ற முதல் அறிமுகம். முதல் படம் எடுத்து முடித்த 1979இன் கடைசி வாரத்தில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. 1980இல் ஒளிபரப்பானபோது அந்த நாட்டின் பெயர் காணாமல்போய், 'கிழக்கே' என்ற அளவில் பூசி மெழுகப்பட்டிருந்தது. வாட்சனுக்குக் குண்டடி பட்ட மைவாண்டு போர் நடந்தது 1880. சரியாக நூறு வருடம் கழித்து அதே நாட்டின் பெயர் ஹோம்ஸின் வாயிலிருந்து பிடுங்கப்பட்டது.

பாஸ்கர்வில் நாய்க்கு வருவோம். 1981இல் வந்த இந்த இரண்டு பகுதியைத்தான் ரஷ்யர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. சர் ஹென்றியாக வருபவர் நிகீதா மிகல்கோவ், அவரே பெரிய இயக்குநர். கனடாவிலிருந்து வரும் வாரிசு என்பதால் பெரிய ரோமக் கோட்டு, கையில் குதிரைச் சேணம், வாய்கொள்ளாத சத்தம். ஆங்கிலேய மாளிகைக்குள் ஒரு சைபீரிய ஜமீன்தார் புகுந்துவிட்டது போல இருக்கும். அவருக்குக் காலையில் பசி. பட்லர் பாரிமோர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல் தட்டைத் திறந்து காட்டுகிறார்: "ஓட்ஸ் கஞ்சி, சார்!" அதற்குப் பிறகு ரஷ்யாவில் யாரும் காலைக் கஞ்சியை அந்த வசனம் இல்லாமல் பரிமாறுவதில்லை என்கிறார்கள். பாரிமோராக நடித்த அலெக்ஸாந்தர் அதபஷ்யான், மிகல்கோவின் படங்களில் திரைக்கதையும் கலை இயக்கமும் செய்த நெடுநாள் கூட்டாளி. அந்தப் பழக்கம் திரையில் தெரிகிறது, இருவரும் ஒருவரை ஒருவர் சிரிக்கவைக்கப் போட்டி போடுகிறார்கள்.

பிரமாதம்தான். ஆனால் இவர்கள் கஞ்சி குடிக்கும் நேரமெல்லாம் சதுப்பு நிலத்தின் பயம் ஆறிப்போகிறது. இந்தக் கதைக்கு அச்சம் முக்கியம். ஒலேக் யன்கோவ்ஸ்கியின் ஸ்டேபிள்டன் மெல்லிய சிரிப்போடு நிற்கும்போது அந்த அச்சம் எட்டிப் பார்க்கும். உடனே மிகல்கோவ் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிடுவார். அம்மாவுக்கோ இந்தப் படம்தான் ரொம்பப் பிடித்தது. கஞ்சிக் காட்சியை இரண்டாம் முறை போடச் சொன்னாள். "பாவம், கனடாவுல இட்லி தின்னு பழகினவனோ என்னவோ," என்றாள்.

1983இன் ஆக்ரா பொக்கிஷத்தில் ஓட்டம் சற்றுக் குறைகிறது. 1986இன் கடைசிப் படத்தில் காரும் மின்விளக்கும் வந்துவிடும், ஹோம்ஸ் களைத்துப்போய் இருப்பார், எடுத்தவர்களும் களைத்துத்தான் இருந்தார்கள். அதை விட்டுவிடலாம்.

விட முடியாதது வேறொன்று, அடுத்த வருடம் ஸ்தனிஸ்லாவ் கவருஹின் எடுத்தது. அகதா கிறிஸ்டியின் தீவுக் கதை. பத்துப் பேர் ஒரு தீவு மாளிகைக்கு அழைக்கப்படுகிறார்கள், குழந்தைப் பாட்டில் வருகிறபடியே ஒவ்வொருவராகச் சாகிறார்கள். 1939இல் இங்கிலாந்தில் வெளியானபோது அதன் தலைப்பில் இருந்த இனவசைச் சொல்லை அமெரிக்கப் பதிப்பு மறுவருடமே தூக்கி எறிந்துவிட்டது. ரஷ்யப் படத்தின் தலைப்பு பழையதையே வைத்துக்கொண்டது, அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் இன்னொரு விஷயத்திலும் அது பழையதையே வைத்துக்கொண்டது, அதற்குத்தான் கும்பிடு.

நாவலின் முடிவில் தீவில் உயிரோடு ஒருவர்கூட மிஞ்சுவதில்லை. (கொலைகாரர் யார் என்று சொல்லமாட்டேன், பயப்படாதீர்கள்.) 1943இல், போர் நடக்கும்போது, கிறிஸ்டியே அதை நாடகமாக்கினார். மேடையில் எல்லோரும் செத்துவிட்டால் கதையைச் சொல்ல ஆளில்லை, ஜனங்களுக்கும் மனம் தாங்காது. அதனால் இருவரைக் குற்றமற்றவர்களாக்கிப் பிழைக்கவைத்தார், காதலையும் வைத்தார். 1945இல் ரெனே க்ளேர் எடுத்த ஹாலிவுட் படமும் 1965, 1974, 1989இல் வந்த ஆங்கிலப் படங்களும் அந்த நாடக முடிவையே பிடித்துக்கொண்டன. ஐம்பது வருடம் போல, கிறிஸ்டியின் மிகக் கறுத்த புத்தகத்தை அவர் மொழிக்காரர்களே திரையில் பார்க்கத் துணியவில்லை. கிரீமியாவின் கடற்பாறைகளில் அதைத் துணிந்து எடுத்தவர் கவருஹின்.

அந்தப் படத்தில் சிரிப்பே கிடையாது. தார்க்கோவ்ஸ்கியின் 'ஸ்டாக்கர்' படத்தில் வழிகாட்டியாக வந்த அலெக்ஸாந்தர் கைதனோவ்ஸ்கி இதில் லொம்பார்ட். ததியானா துரூபிச் வேரா. நாடகத்தில் காதலர்களாகக் கைகோத்து வெளியேறும் அதே இருவர். இங்கே அவர்களுக்குள் நடப்பதைக் காதல் என்று சொல்ல நாக்கு கூசும், பயந்துபோன இரண்டு விலங்குகள் ஒண்டிக்கொள்வது அது. இறுதியில் சுருக்குக் கயிறு தொங்கும் அறைக்குள் வேரா நுழைகிறாள். அந்த நிமிடங்களில் நான் படத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். குற்றம் செய்து சட்டத்தின் கைக்குத் தப்பிய மனிதர்களைப் பற்றி 1987இல், அந்த நாட்டில், இத்தனை இரக்கமில்லாமல் ஒரு படம். அம்மாவுக்கு இதைப் போட்டுக் காட்டவில்லை.

இதே தீவுக் கதைக்கு நம் பக்கத்தில் கிடைத்த கதி வேறு. இந்தியில் 'கும்நாம்' 1965இல் வந்தது. பிணம் விழ விழப் பாட்டும் வரும், சமையல்காரனாக மெஹ்மூத் வந்து வயிறு வலிக்கச் சிரிக்கவைப்பார். தமிழில் வீணை எஸ். பாலச்சந்தர் 'நடு இரவில்' எடுத்தார், 1970இல் வெளியானது. ஒதுக்குப்புற மாளிகை, சொத்துக்குக் காத்திருக்கும் சொந்தக்காரர்கள், ஒவ்வொன்றாகச் சாவு. கிறிஸ்டியிடம் வாங்கிய எலும்புக்கூட்டில் பாலச்சந்தர் நம் குடும்பத்துச் சதையை வைத்தார், அந்நியர் பத்துப் பேரைவிடப் பங்காளிகள் பத்துப் பேர் பயங்கரம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. பாஸ்கர்வில் நாயோ 1962இல் இந்தியில் 'பீஸ் சால் பாத்' ஆனபோது நாயாகவே இல்லை. இருட்டில் லதா மங்கேஷ்கர் குரலில் பாடுகிற பேயாகிவிட்டது. நாயைக் கண்டால் நாம் கல்லெடுப்போம், வெள்ளைப் புடவைப் பாட்டைக் கேட்டால்தான் மயிர்க்கூச்செறியும். எடுத்தவர்களுக்கு ஊர் தெரிந்திருந்தது.

ஊருக்குக் கொண்டுவரும் இந்த வழியில் என்னை அசத்தியது ஜப்பான். 2015 ஜனவரியில் ஃபுஜி தொலைக்காட்சி இரண்டு இரவுகளாகப் போட்ட 'ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்', திரைக்கதை மிதானி கோகி. இஸ்தான்புல்லுக்குப் பதில் ஷிமோனோசெகி துறைமுகம். பழைய நாளில் கொரியாவிலிருந்து கப்பலில் வருபவர்கள் இறங்கி ரயிலேறும் வாசல் அது. அங்கிருந்து தோக்கியோவுக்கு 1933இல் ஒரு சொகுசு ரயில், வழியில் பனி. முதல் இரவு கிறிஸ்டியின் கதை அப்படியே, மீசை துப்பறிவாளர் உட்பட. அதோடு கதை முடிந்தது, முடிச்சும் அவிழ்ந்தது. மறுநாள் இரவு என்ன காட்டப்போகிறார்கள்? கொலை செய்தவர்களின் பக்கத்தைக் காட்டினார்கள். திட்டம் எப்படி முளைத்தது, யார் யாரைச் சேர்த்தது, எந்த இடத்தில் சொதப்பியது. விடை தெரிந்த கணக்கை மறுபடி போட்டுக் கண்ணீர் வரவைக்க முடியும் என்று நான் நம்பியிருக்கவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் 2009இல் கிறிஸ்டியின் கதைகளை வடக்கு பிரான்சுக்கு மாற்றித் தொடராக எடுக்கத் தொடங்கினார்கள். கிறிஸ்டியின் மீசைக்காரத் துப்பறிவாளர் பொய்ரோவும் வேண்டாம், துப்பறியும் பாட்டி மிஸ் மார்ப்பிளும் வேண்டாம் என்று தங்கள் போலீஸ்காரர்களைப் போட்டுக்கொண்டார்கள். பார்க்கலாம், நாலைந்து பகுதிக்கு மேல் எனக்கு ஓடவில்லை.

ஆனால் திரும்பத் திரும்பப் போய் உட்காருவது ரீகாவின் புதுத் தெருவில்தான். ஆங்கிலேயர்களும் அதை ஒத்துக்கொண்டார்கள். 2006இல் லிவானோவுக்கு பிரிட்டிஷ் அரசு எம்.பி.இ. கௌரவ விருது தந்தது. மறுவருடம் மாஸ்கோவில் பிரிட்டிஷ் தூதரகத்துக்குப் பக்கத்தில் ஹோம்ஸுக்கும் வாட்சனுக்கும் சிலை வைத்தார்கள், முகங்கள் லிவானோவும் சலோமினும்தான். சலோமின் அதைப் பார்க்கவில்லை, 2002இலேயே போய்விட்டார். அதே 2007இல் குக் தீவுகள் வெளியிட்ட வெள்ளி நாணயங்களில் ஒருபக்கம் இந்தப் படத்துக் காட்சி, மறுபக்கம் எலிசபெத் ராணி. ரஷ்ய ஹோம்ஸின் முதுகில் இங்கிலாந்து ராணி. டாயிலே எழுதியிருந்தால்கூட மிகை என்று அடித்திருப்பார்கள்.

அம்மாவோடு பார்த்த மூன்றாவது இரவு அருவி வந்தது. மோரியார்ட்டி கறுப்புப் பறவை போலப் பாறை மேல் நிற்கிறான். இருவரும் கட்டிப்புரள்கிறார்கள். தண்ணீர் இரைச்சல். அப்புறம் வாட்சன் தனியாக வந்து பாறையில் வைத்திருந்த கடிதத்தைப் படிக்கிறார், நண்பனின் பெயரைச் சொல்லி மலை அதிரக் கூப்பிடுகிறார். சலோமின் அந்தக் கூப்பாட்டில் என்ன வைத்திருக்கிறாரோ, முடிவு தெரிந்த எனக்கே தொண்டை அடைத்தது. டாயில் 1893இல் ஹோம்ஸை இப்படித் தள்ளிவிட்டு, உயிரோடுதான் இருக்கிறார் என்று சொல்லப் பத்து வருடம் எடுத்துக்கொண்டார். வாசகர்கள் கடிதம் கடிதமாகத் திட்டினார்கள். அம்மா அழுதுவிடுவாளோ என்று திரும்பிப் பார்த்தேன். நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"செத்துட்டாரும்மா," என்றேன்.

"பொணத்தைக் காட்டுனாங்களா?"

"இல்ல."

"அப்புறம் என்ன. அடுத்ததைப் போடு."